மல்லி ஏன் உதைக்குறா? மாட்டுக் குணம், ரத்தம், வளர்ப்பு: லிமூசின் மாடுகளை வச்சு ஒரு நிகழ்வு ஆய்வு

மல்லிக்கு அது தலையீத்து. கன்னு போட்ட அஞ்சாம் நாள் விடியக்காலம், சீம்பால் தெளிஞ்சு நல்ல பால் வர ஆரம்பிச்ச நேரம், அம்மா எப்பவும் போல வாளியை முட்டிக்கு நடுவுல இடுக்கிட்டு குத்தவச்சு உக்காந்து, காம்புல விளக்கெண்ணெய் தடவி ரெண்டு பீச்சு பீச்சியிருப்பாங்க, மல்லி வலது பின்னங்காலை முன்னாடி கொண்டு வந்து அரைவட்டமா வெளிய வீசுனா, வாளி ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம். மணிக்கட்டுல விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் ஓடி வந்து பாக்கறப்ப சாணி ஈரத்துல பால் வெள்ளையா ஓடிட்டு இருந்தது, மல்லி கண்ணு வெள்ளை தெரிய, தொடையும் விலாவும் வெடவெடன்னு நடுங்கி நின்னா. அந்த நடுக்கம் தான் என்னை இதுக்குள்ள இழுத்துச்சு. முட்ட வர்ற மாடு அப்படி நடுங்காது, பயந்த மாடு தான் நடுங்கும்.

அன்னைக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அம்முச்சி சொன்னது, "இதோட ஆத்தாவுக்கு ஆத்தாளும் இப்படித்தான் சாமி, ரத்தம் எங்க போகும்". பக்கத்து தோட்டத்துக்காரர் சொன்னது, "மாடு மேல தப்பில்ல, கன்னா இருக்கறப்ப கை பழக்கல". சினை ஊசி போட வர்ற அண்ணன்கிட்ட, "ஏனுங்ண்ணா, இந்த ஊசியில பொறந்ததெல்லாம் இப்படித்தானா?"ன்னு கேட்டேன், "ஜெர்சி கிராஸ்னா கொஞ்சம் துள்ளத்தான் செய்யும் தம்பி, பால் குடுக்குற மாடு உதைச்சா வாங்கிக்க வேண்டியதுதான்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டார். அந்த கடைசி வார்த்தை நம்ம ஊர்ல எல்லா வீட்லயும் சொல்றது. ஆனா யோசிச்சு பாருங்க, பால் இருக்குன்னு உதைக்குற மாட்டை வச்சுக்கிட்டு, அதோட கெடேரியையும் வச்சுக்கிட்டு, அதுக்கும் குணம் தெரியாத ஒரு காளையோட ஊசியை போட்டா, நாமளே தலைமுறை தலைமுறையா உதையை விதைக்கிறோமா இல்லையா? உண்மையிலேயே குணம் ரத்தத்துல வருதா, வந்தா எவ்வளவு வருதுன்னு தெரிஞ்சுக்காம இதுக்கு பதில் சொல்ல முடியாது.

எங்க வீட்டு கதையை வச்சு முதல்ல நானே ஒரு முடிவுக்கு வந்தேன். எங்க தாய் மாடு செவலைக்கு ரெண்டு கெடேரி, மூத்தவ மல்லி, அடுத்தவ தேவி. ஒரே தாய், ஒரே தொழுவம், கறக்குறதும் அதே அம்மா கை. மல்லியோட அப்பன் ஒரு காளை, தேவியோட அப்பன் வேற காளை. தேவி தலையீத்துலயே அசை போட்டுக்கிட்டே பால் குடுத்தா, காலை அசைக்கல. அப்போ அந்த முதல் காளை ஊசி தான் காரணம்னு நோட்டுல எழுதி கோடு போட்டு வச்சேன். அது தப்பான கணக்கு. ஏன் தப்புன்னு எனக்கு புரிய வச்சது அமெரிக்காவுல லிமூசின் மாட்டுக்காரங்க பண்ண வேலை. மாட்டுக் குணத்தை மரபு வழியா மாத்த முடியும்னு ஒரு இனத்தையே வச்சு காட்டுன நிகழ்வு அது, அதனால அதை விரிவாவே சொல்றேன்.

லிமூசின் பிரான்ஸ் நாட்டு மாடு. நடு பிரான்சுக்கு மேற்கால லிமோஜ் நகரத்தை சுத்தி இருக்கற கருங்கல் பூமி, மண்ணு சத்தில்லாதது, அங்க ஏர் உழவும் வண்டி இழுக்கவும் வச்சிருந்த செம்பொன் நிற மாடு. 1886-லயே அதுக்கு இனப் பதிவேடு ஆரம்பிச்சுட்டாங்க. உழவு போனதும் இறைச்சிக்கு வளர்த்தாங்க, கறி நிறைய, எலும்பு சன்னம், கன்னு ஈனறது சுலபம்னு பேர் வந்தது. 1968-ல பிரின்ஸ் பொம்படூர்னு ஒரு லிமூசின் காளை கனடாவுக்கு வந்து சேர்ந்துச்சு, அதே வருஷம் வட அமெரிக்க லிமூசின் சங்கமும் ஆரம்பமாச்சு. அதுக்கப்புறம் நடந்தது நம்ம ஊர்ல ஜெர்சி வந்தப்ப நடந்த மாதிரியே தான், மாட்டை கப்பல்ல கொண்டு வர்றது கஷ்டம், அதனால விரல் விட்டு எண்ணக்கூடிய சில காளைங்களோட விந்தை ஊசியா போட்டு உள்ளூர் மாடுகளை அரை ரத்தம், முக்கால் ரத்தம், முக்காலே அரைக்கால் ரத்தம்னு ஏத்திக்கிட்டே போனாங்க.

இதுல ஒரு விஷயத்தை கவனிக்கணும். சில காளைங்க தான் ஒரு இனத்துக்கே அப்பன்னு ஆகிட்டா, அந்த காளைங்ககிட்ட என்ன குணம் இருந்ததோ அது நாடு முழுக்க பரவிடும். இறைச்சியை பாத்து, கன்னு ஈனற சுலபத்தை பாத்து காளையை எடுத்தாங்க, குணத்தை யாரும் எழுதி வைக்கல. அது போக பிரான்ஸ்ல குளிர்காலம் முழுக்க கொட்டாய்ல ஆள் கைப்பட வளர்ந்த மாடு, அமெரிக்காவுல கண்ணுக்கு எட்டாத மேய்ச்சல் நிலத்துல வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை மட்டும் மனுசனை பாக்குற மாடா ஆச்சு. கொட்டாய்ல சும்மா ஒதுங்கி நிக்குற அளவு பயம், அங்க வேலியை தாண்டி குதிக்குற அளவு வெறியா தெரிஞ்சுச்சு. லிமூசின்னா முரட்டு மாடுன்னு பேர் ஆகிடுச்சு, ஆளுக்கு அடிபடுது, கூண்டு ஒடியுது, இதை வாங்கவே யோசிக்குறாங்கன்னு ஆனப்புறம் தான் வளர்க்கிறவங்களுக்கே உறைச்சது.

இந்த இடத்துல அவங்க பண்ண முதல் காரியம் எனக்கு ரொம்ப பிடிச்சது. இல்லன்னு மறுக்கல, அளந்தாங்க. 1990-கள்ல கன்னுங்க பால் மறக்குற வயசுல, அதாவது ஏழு மாசம் வாக்குல, எடை போடவும் ஊசி போடவும் கூண்டுக்குள்ள விடுவாங்கல்ல, நம்ம ஆஸ்பத்திரியில ட்ரெவிஸ்னு சொல்றமே அந்த மாதிரி, ஆனா கழுத்தை பிடிக்குற கதவோட, அந்த நேரத்துல ஒவ்வொரு கன்னுக்கும் 1-லேர்ந்து 6 வரைக்கும் மார்க் போட்டாங்க. 1-னா சாது, அசையாம நிக்கும், கதவு திறந்தா நடந்து போகும். 2-னா கொஞ்சம் பரபரப்பு, வாலை ஆட்டும், பின்வாங்கி பாக்கும். 3-ன்னா பதட்டம், கதவை தள்ளி தள்ளி இழுக்கும். 4-ன்னா மிரண்டு கட்டுக்கடங்காம போறது, நடுங்கும், கத்தும், சாணி மூத்திரம் போகும், வேலியோரமா ஓடி தாண்ட பாக்கும். 5 ஆளை பாத்து பாயறது, 6 ஒரே வெறி. மல்லியை நான் மனசுக்குள்ள இந்த அளவுகோல்ல வச்சு பாத்தேன், 4. பாயலை, முட்டலை, நடுங்கி உதைச்சா.

மார்க் போடறது சுலபம், அதை எப்படி கணக்கு பண்ணாங்கங்கறது தான் சூட்சுமம். ஒரு பண்ணையில ஆளுங்க அமைதியா வேலை செய்வாங்க, இன்னொரு பண்ணையில தடியும் கத்தலுமா இருக்கும், முதல் பண்ணை கன்னு 2 வாங்கறதும் ரெண்டாவது பண்ணை கன்னு 4 வாங்கறதும் ரத்தத்தால இல்லாம இருக்கலாம். அதனால ஒரு பண்ணை கன்னை இன்னொரு பண்ணை கன்னோட நேரா ஒப்பிடக் கூடாது. ஒரே பண்ணை, ஒரே பருவத்துல பொறந்தது, ஒரே மாதிரி வளர்ந்தது, ஒரே நாள்ல ஒரே ஆளு மார்க் போட்டது, இதை ஒரு கூட்டமா வச்சு, அந்த கூட்டத்துக்குள்ள எந்த காளையோட கன்னுங்க சராசரியை விட நல்லா இருக்கு, எது மோசம்னு மட்டும் பாக்கணும். அதே காளையோட கன்னுங்க இன்னொரு பண்ணையில, இன்னொரு மாநிலத்துல, அங்கங்க அவங்கவங்க கூட்டத்துக்குள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும். பத்து பண்ணையில பத்து விதமா வளர்த்தும் ஒரு காளையோட பிள்ளைங்க மட்டும் எல்லா இடத்துலயும் மிரளுதுன்னா, அப்ப அது வளர்ப்பு இல்ல, அது ரத்தம் தான்.

இதை படிச்சப்ப தான் என் நோட்டுல போட்ட கோடு தப்புன்னு பட்டுச்சு. மல்லி பொறந்த வருஷம் எங்க அப்பா ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க, அம்மா கூடவே இருந்தாங்க, வீட்ல மாட்டை பாத்துக்கிட்டது கூலிக்கு வந்த ஒரு ஆளு. கன்னை தாய்கிட்டேர்ந்து பிரிச்சு இழுக்குறப்பலாம் தடியால பின்னங்கால்ல ஒண்ணு போடறது அவர் பழக்கம்னு பின்னாடி தெரிஞ்சது. தேவி பொறந்தப்ப அந்த ஆள் இல்ல, என் தங்கச்சி மடியில படுத்து வளர்ந்த கன்னு அது. ஒரே தொழுவம்னு நான் எழுதுனேன், ஆனா ஒரே வளர்ப்பு இல்லவே இல்ல. ரெண்டு மாடு, ரெண்டு அப்பன், ரெண்டு வளர்ப்பு, இதுல எது காரணம்னு ஆண்டவனே வந்தாலும் பிரிச்சு சொல்ல முடியாது. இப்படி ஒரு வீட்டு மாட்டை வச்சு முடிவு பண்றது தான் நாம காலங்காலமா பண்ணிட்டு இருக்கறது, அம்முச்சியும் அப்படித்தான் சொல்லுச்சு, தோட்டத்துக்காரரும் அப்படித்தான் சொன்னார், ரெண்டு பேரும் பாதி பாதி சரியாவும் இருக்கலாம்.

சரி, லிமூசின் கணக்கு என்ன காட்டுச்சு? 1998-ல வெளிவந்த மதிப்பீட்டுல குணத்தோட மரபுவழித் திறன் 0.40. இந்த நம்பரை தப்பா படிக்கறவங்க நிறைய. ஒரு மாட்டோட குணத்துல 40 பங்கு ஜீன், 60 பங்கு வளர்ப்புன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஒரே கூட்டத்துக்குள்ள மாட்டுக்கு மாடு தெரியுற வித்தியாசம் இருக்கே, அதுல 40 பங்கு அப்பன் ஆத்தாகிட்டேர்ந்து கன்னுக்கு போகக்கூடிய மரபு வித்தியாசத்தால வருதுன்னு தான் அர்த்தம். மிச்ச 60-ல அன்னைக்கு காலையில நாய் துரத்துனதும் இருக்கும், கன்னா இருக்கறப்ப பட்ட அடியும் இருக்கும், மார்க் போட்டவர் கண்ணும் இருக்கும். ஆனா 0.40-ங்கறது சின்ன நம்பர் இல்லைங்க. பாலளவுக்கு மரபுவழித் திறன் பெரும்பாலும் 0.3-ஐ ஒட்டி தான் சொல்றாங்க, அதை வச்சு தான் உலகம் முழுக்க மாட்டோட பாலை தலைமுறைக்கு தலைமுறை ஏத்தியிருக்காங்க. பாலை ஏத்த முடியும்னா குணத்தையும் மாத்த முடியும், அளந்தா மட்டும்.

பிரான்ஸ்லயும் இதே இனத்தை வச்சு பியர் லெ நெந்த்ருவும் அவர் கூட இருந்தவங்களும் 1995-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அவங்க சோதனை வேற மாதிரி, ஒரு பட்டிக்குள்ள ஒரு கிடாரி, ஒரு ஆளு, அந்த ஆளு அதை மெதுவா ஒரு மூலைக்கு ஒதுக்கி 30 விநாடி அங்கயே நிறுத்தி வைக்கணும், முடிஞ்சா தொட்டு தடவணும். சிலது நிக்கும், சிலது சந்து கிடைச்சா ஓடும், சிலது ஆளையே பாயும். சுமார் 900 கிடாரிங்களை இப்படி பாத்தாங்க, மரபுவழித் திறன் 0.22 வந்தது. அமெரிக்காவுல 0.40, பிரான்ஸ்ல 0.22, எது சரின்னு கேப்பீங்க. ரெண்டும் அளந்தது வேற வேற. கூண்டுக்குள்ள இறுக்கி பிடிக்கறப்ப வர்ற பதட்டம் ஒண்ணு, தனியா ஒரு மனுசனோட நிக்கறப்ப வர்றது இன்னொண்ணு. ஆஸ்திரேலியாவுல 1988-லயே மூணாவதா ஒரு வழி சொன்னாங்க, கூண்டுக் கதவு திறந்ததும் மாடு முதல் ரெண்டு மீட்டர் தூரத்தை எவ்வளவு வேகத்துல கடக்குதுன்னு அளக்கறது. கண்ணால மார்க் போடறதுல ஆளுக்கு ஆள் மாறும், நேரத்துக்கு ஆள் பாத்து மாறத் தெரியாது, அதனால எனக்கு இது ரொம்ப நேர்மையான அளவா படுது.

அமெரிக்க சங்கம் அடுத்து பண்ணது தான் காசு விஷயத்தை தொட்டுச்சு. ஒவ்வொரு காளைக்கும் குணத்துக்குன்னு ஒரு நம்பர் கணிச்சு, எடைக்கும் கன்னு ஈனற சுலபத்துக்கும் போடற நம்பர் பக்கத்துலயே பட்டியல்ல அச்சடிச்சாங்க, ஈபிடின்னு சொல்லுவாங்க. ஒரு காளைக்கு 20, இன்னொரு காளைக்கு 5-ன்னு இருந்தா, ஒரே மாதிரி மாடுகளுக்கு ரெண்டையும் போட்டா முதல் காளையோட கன்னுங்கள்ல நூத்துக்கு 15 கூடுதலா 1 அல்லது 2 மார்க் வாங்குற சாது கன்னா இருக்கும்னு எதிர்பார்க்கலாம். அவ்வளவுதான், விந்து வாங்க வர்றவன் கண்ணுல அந்த நம்பர் பட ஆரம்பிச்சதும், எவ்வளவு கறி பிடிச்ச காளையா இருந்தாலும் குணம் மோசம்னா வாங்க தயங்குனான். மிரளுற மாடுங்களை கழிச்சாங்க, சாது காளைங்களோட விந்து பரவுச்சு, இனத்தோட மரபு சராசரி வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கிட்டே வந்தது. முரட்டு மாடுன்னு பேர் எடுத்த இனம், குணத்துக்கு தேர்வு பண்றதுன்னா எப்படின்னு மத்த இனத்துக்காரங்களுக்கு காட்டுற இனமா மாறுச்சு. ஆங்கஸ்ங்கற இன்னொரு கறி மாட்டு இனத்தோட சங்கமும் பின்னாடி இதே மாதிரி குணத்துக்கு நம்பர் போட ஆரம்பிச்சாங்க.

கறி மாடு கதை நமக்கெதுக்குன்னு சிலர் கேப்பாங்க. கறவை மாட்டுக்கும் செஞ்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல ஹோல்ஸ்டீன், ஜெர்சி தலையீத்து மாடுகளுக்கு கறக்குறப்ப குணம் எப்படின்னு பண்ணைக்காரங்ககிட்டயே தரம் போட சொல்லி வாங்குறாங்க, அது காளையோட மதிப்புல சேருது. மரபுவழித் திறன் 0.2-ஐ ஒட்டி வருது. குறைவு தான், ஆனா ஒரு காளைக்கு நூத்துக்கணக்குல மகளுங்க இருக்கறப்ப குறைவான நம்பரை வச்சே நல்லா பிரிச்சு பாக்க முடியும். ஜெர்சின்னா துள்ளும்னு மொத்த இனத்தையும் ஒரே வார்த்தையில சொல்றதை அதுக்கப்புறம் என்னால ஏத்துக்க முடியல, ஒரே இனத்துக்குள்ளயே சாதுவான மகளுங்களை குடுக்குற காளையும் இருக்கு, உதைக்குற மகளுங்களை குடுக்குற காளையும் இருக்கு.

இதுக்கு பின்னாடி எந்த ஜீன்னு தேடுனவங்களும் இருக்காங்க. ஒரு ஜீன், ரெண்டு ஜீன் சமாச்சாரம் இல்ல, நிறைய ஜீன் ஒவ்வொண்ணும் துளித்துளியா சேர்றது தான் பெரும்பாலும். ஆனா ஸ்பெயின் நாட்டு காளைச்சண்டை மாடான லிடியா இனத்துல ஒரு விஷயம் பாத்திருக்காங்க. மூளையில செரோடோனின், டோபமின் மாதிரி சரக்குகளை உடைச்சு கழிக்கற நொதிக்கு எம்.ஏ.ஓ.ஏ.ன்னு ஒரு ஜீன், அதுக்கு முன்னாடி ஸ்விட்ச் மாதிரி இருக்கற பகுதியில ஒரே எழுத்து திரும்ப திரும்ப வர்ற ஒரு துண்டு இருக்கு. மாட்ரிட் கம்ப்ளூடென்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க பாத்தப்ப, சாதுவான இனங்களை விட லிடியாவுல அந்த துண்டோட குட்டை வடிவம் அதிகமா இருந்துச்சு. இந்த ஜீன் இருக்கறது எக்ஸ் குரோமோசோம்ல. காளைக் கன்னுக்கு எக்ஸ் தாய்கிட்டேர்ந்து மட்டும் தான் வரும். லிடியா வளர்க்கிறவங்க ரொம்ப காலமாவே காளையோட வீரம் தாய் வழின்னு நம்புறவங்க, கிடாரிங்களை ரெண்டு வயசு வாக்குல களத்துல விட்டு சோதிச்சு பாத்து தான் எது தாயாகணும்னு முடிவு பண்றாங்க. தாயை தண்ணித் துறையில பாத்தா மகளை வீட்ல பாக்க வேண்டாம்னு நம்ம ஊர்ல சொல்றோமே, அது ஞாபகம் வந்தது எனக்கு. அதுக்காக அப்பன் ரத்தம் ஒண்ணுமே இல்லன்னு எடுத்துக்காதீங்க, மத்த ஜீன்ங்க ரெண்டு பக்கமும் பாதிப்பாதி தான். இன்னொண்ணு, லிடியாவுல தேர்வு பண்றது பாயற குணத்தை, லிமூசின்ல கழிச்சது பெரும்பாலும் மிரளுற குணத்தை. பாயறதும் மிரளுறதும் வேற வேற. நம்ம ஊர்ல ரெண்டையும் சேர்த்து "முரடு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லி அடிக்கிறோம், பயந்த மாட்டை அடிச்சா பயம் கூடும், உதை கூடும்.

சுழியை பத்தி சொல்லாம இதை முடிக்க முடியாது, ஏன்னா நம்ம சந்தையில முதல்ல பாக்குறதே அதைத்தான். அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல மாட்டு நடத்தையை ஆராயற டெம்பிள் கிராண்டினும் அவர் கூட இருந்தவங்களும் 1995-ல சுமார் 1500 மாடுகளோட நெத்திச் சுழியை பாத்தாங்க. ரெண்டு கண்ணுக்கும் மேல சுழி இருக்கற மாடுங்க, கண்ணுக்கு நேராவோ கீழயோ சுழி இருக்கறதை விட கூண்டுக்குள்ள அதிகமா பதறுச்சுன்னு கண்டாங்க. கருவுல இருக்கறப்ப தோலும் முடியும் நரம்பு மண்டலமும் ஒரே படலத்துலேர்ந்து உருவாகுது, அதனால ஏதோ ஒரு தொடர்பு இருக்கலாம்ங்கறது அவங்க விளக்கம். இதை கேட்டதும் பாத்தியா நம்ம பெரியவங்க சொன்னதுன்னு குதிக்க தோணும். ஆனா துடைப்பச் சுழி இருந்தா வீடு துடைச்சுட்டு போகும், பாடைக்கட்டி சுழி இருந்தா சாவு விழும்னு நல்ல மாட்டை பாதி விலைக்கு கேக்குறமே, அதெல்லாம் மாட்டோட குணத்தை சொல்லல, வாங்குறவன் விதியை சொல்லுது. அதுக்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தம் இல்ல. நெத்திச் சுழி கூட ஒரு கூட்டத்தோட சராசரிக்கு தான், ஒத்தை மாட்டுக்கு ஜாதகம் இல்ல. நான் மல்லி நெத்தியை ஈரத்துணியால துடைச்சு பாத்தேன், சுழி கண்ணுக்கு ரெண்டு விரக்கடை மேல இருந்துச்சு. சந்தோசமா தேவிகிட்ட போய் பாத்தேன், அவளுக்கும் அதே இடத்துல தான் இருந்துச்சு.

மல்லி விஷயத்துக்கு வர்றேன். ரத்தமா வளர்ப்பான்னு தெரியாட்டியும் வைத்தியம் ஒண்ணு தான் கையில இருந்தது, பயத்தை குறைக்கறது. 1999-ல வந்த ஒரு ஆய்வுல, தன்னை அடிச்சு வெரட்டுன ஆளு கறக்குற நேரத்துல பக்கத்துல சும்மா நின்னதுக்கே மாட்டு மடியில கறக்காம தங்குற பால் சுமார் 70% கூடியிருக்கு. பயந்தா அட்ரினலின் ஏறும், பாலை இறக்கற ஆக்சிடோசின் வேலை செய்யாது, நாம மாடு பாலை அடக்கிக்குதுன்னு திட்டுவோம். அதனால தடி தொழுவத்துக்குள்ள வரக்கூடாதுன்னு முடிவு பண்ணோம். அம்மாவுக்கு கட்டு இருந்த ஆறு வாரமும் நான் தான் கறந்தேன், தினமும் கறக்குறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் முதுகுலேர்ந்து மடி வரைக்கும் கையால தேய்ச்சு விட்டு, தவிடு வச்சு, கன்னை முகத்துக்கு முன்னால கட்டி, பேசிக்கிட்டே. ஆடுற மாட்டை ஆடி கறக்கணும் பாடுற மாட்டை பாடி கறக்கணும்னு சும்மாவா சொன்னாங்க. மூணாவது வாரம் நடுக்கம் நின்னது. ஆனா புது ஆளு உள்ள வந்தா இன்னைக்கும் காலை தூக்குவா, தேவி அப்படி இல்ல. வளர்ப்பு மாத்த முடிஞ்சது ஒரு அளவு, மிச்சம் ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கு, அந்த மிச்சம் எங்கேர்ந்து வருதுங்கறது தான் என் கேள்வி.

அதுக்கு லிமூசின்காரங்க வழியை சின்ன அளவுல எடுத்துக்கிட்டேன். ஊசி போட்டதும் அந்த காலி ஸ்ட்ராவை தூக்கி போட்டுட்டு போவாங்க தெரியுமா, கால் மில்லி பிடிக்குற மெல்லிசு குழாய், அது மேல பொடி எழுத்துல காளை நம்பர் இருக்கும். ஊர்ல யார் வீட்ல ஊசி போட்டாலும் அதை சாணியிலேர்ந்து பொறுக்கி, கழுவி, மாட்டு பேர், தேதியோட நோட்டுல செல்லோடேப் போட்டு ஒட்டுறேன். சொசைட்டிக்கு பால் ஊத்த வர்ற அக்காங்க முதல்ல சிரிச்சாங்க, இப்ப அவங்களே ஸ்ட்ராவை முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்து தர்றாங்க. தலையீத்து கன்னு போட்ட பத்தாம் நாள் கறக்குறப்ப 1-லேர்ந்து 6 வரைக்கும் ஒரு மார்க், கன்னா இருக்கறப்ப யார் வளர்த்தா, அடி உண்டா இல்லையான்னு ஒரு வரி. மல்லி அப்பனோட நம்பர்ல இன்னும் நாலு வீட்ல கெடேரிங்க இருக்கு, ரெண்டு சினையா இருக்கு. நாலை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு எனக்கு தெரியும், பக்கத்து ரெண்டு ஊர் சொசைட்டியிலயும் கேட்டு வச்சிருக்கேன். ஊசி அண்ணன்கிட்ட காளை பட்டியல்ல நான் பாத்த வரைக்கும் பாலும் கொழுப்பும் தான் இருக்கு, குணத்துக்கு ஒரு கட்டம் வேணும்னு அவர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

மல்லியோட அந்த முதல் கன்னும் கெடேரி தான், அவளும் இப்ப சினை, தை கடைசியில கன்னு போடுவா. அவளுக்கு மார்க் போடப்போறது நான் இல்ல, நான் போட்டா மல்லி மகள்னு மனசுல வச்சே போட்டுருவேன். நாலு தோட்டம் தள்ளி இருக்கற ஒரு அக்காவை கேட்டிருக்கேன், அவங்களுக்கு இவ யார் மகள்னும் தெரியாது, எந்த ஊசியில பொறந்தவன்னும் தெரியாது.